வெய்ன்ஸ்கோட்டிங் வேலைக்கு எந்த மைட்டர் ரம்பம்? 45 என்று வைத்தால் 45 தானா?

4 டிசம்பர் 2024, வாசகர் கேள்வி

பினாங்கில் சுங்கை ஆராவில் கொண்டோ சாவி கைக்கு வந்துவிட்டது. ஹாலில் ஒரு சுவர் முழுக்க வெய்ன்ஸ்கோட்டிங் (மெல்லிய பட்டைகளை நாலு பக்கச் சட்டமாகச் சுவரில் ஒட்டும் அலங்காரம்), கீழே சுற்றிலும் நாலு அங்குல ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பலகை). ஆள் வைத்தால் கேட்கும் விலை கட்டுப்படியாகவில்லை, நானே செய்யப் போகிறேன். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குள் முடிக்க வேண்டும். 12 அங்குல ஸ்லைடிங் மைட்டர் ரம்பம் (கோணம் திருப்பி வெட்டும், தலை முன்பின் நகரும் மின்ரம்பம்) ஒன்று வாங்கிவிட்டால் போதும், 45 டிகிரியில் வைத்து வெட்டினால் மூலைகள் தானாகச் சேர்ந்துவிடும் என்கிறார் நண்பர். அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

4 டிசம்பர், இரவு

தானாகச் சேராது தம்பி. ரம்பத்தில் அச்சிட்டிருக்கும் 45 தொழிற்சாலை சொல்லும் கணக்கு. உன் வீட்டு மூலை 90 என்பது வீடு கட்டியவர் சொல்லும் கணக்கு. இரண்டையும் சோதிக்காமல் வெட்டினால் இடுக்கு விழும். அப்புறம் இரவெல்லாம் இடுக்கை அடைக்கும் புட்டி மாவோடு உட்கார வேண்டியதுதான். நான் ஜெலுத்தோங்கில் இருந்துகொண்டு 22 வருடமாக இந்த வேலை செய்கிறேன். கதவு நிலையின் ஓரச் சட்டம், ஸ்கர்ட்டிங், படிக்கட்டு ஓரம், இப்போது எல்லோரும் கேட்கிற வெய்ன்ஸ்கோட்டிங். முதல் சில வருடங்கள் நானும் புட்டியை நம்பித்தான் வெட்டினேன்.

உன் சுவரையே எடுத்துக்கொள். மேலே ஐந்து சட்டம், கீழே ஐந்து என்று வைத்தால் 40 மூலை, 80 வெட்டு. ஒவ்வொரு வெட்டும் 0.2 டிகிரி தப்பு என்று வை, கண்ணுக்கே தெரியாத தப்பு. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்துவிட்டு நாலாவதுக்கு வந்தால், எட்டு வெட்டின் தப்பும் அங்கே வந்து சேரும்: 1.6 டிகிரி. 35 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் இடுக்கு. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

அதனால் பெரிய ரம்பம் வேண்டாம். நல்ல ரம்பம் வேண்டும், அதைச் சரிக்குக் கொண்டுவரும் பொறுமை வேண்டும். எது, எப்படி என்று நாளைக்கு எழுதுகிறேன்.

5 டிசம்பர்

உன் வேலைக்கு 10 அங்குலம் தாராளமாகப் போதும். 12 அங்குல வட்டு பெரிது. பெரிய வட்டு அதே தடிமனில் இருந்தால் கூடுதலாக வளையும். நல்ல வட்டின் விலையும் ஏறும். நீ வெட்டப்போவது 35 மில்லி சட்டமும் 100 மில்லி ஸ்கர்ட்டிங்கும். 10 அங்குல ரம்பம், ஸ்லைடிங் இல்லாதது கூட, நேர்வெட்டில் ஏறக்குறைய 140 மில்லி அகலப் பலகையை வெட்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கர்ட்டிங்கை நிற்க வைத்து வெட்டினால் அகலம் கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. பல 10 அங்குல ரம்பங்களில் 100 மில்லி உயரம் முழுசாக வெட்டுப்படாது, மேலே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைக்குப் போகும்போது ஸ்கர்ட்டிங் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போ. ரம்ப மேசையின் பின்னால் நிற்கிற ஃபென்ஸில், அதாவது பலகையைச் சாய்க்கும் தடுப்பில், அதைச் சாய்த்து நிறுத்து. மின்சாரம் போடாமல் கைப்பிடியை இறக்கிப் பார். வட்டு முழுசாகக் கடந்தால் வாங்கு. கடக்காவிட்டால் ஸ்கர்ட்டிங்கைப் படுக்க வைத்து, ரம்பத் தலையைச் சாய்த்து வெட்ட வேண்டி வரும். அதுவும் வழிதான், ஆனால் சாய்வையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்லைடிங் வேண்டுமானால் பின்பக்கம் எவ்வளவு இடம் கேட்கிறது என்று பார். தலையைத் தாங்கும் தண்டு பின்னால் ஓடுகிற மாதிரி என்றால் கொண்டோ பால்கனியில் சுவரை ஒட்டி வைக்க முடியாது. மடங்கும் கை வைத்தும், தண்டு முன்னாலேயே நிற்கிற மாதிரியும் வருகின்றன. இடம் குறைவு என்றால் அவற்றைப் பார்க்கலாம்.

இணையத்தில் மலிவாக வருகிறதே என்று அமெரிக்க மாடலை வாங்கிவிடாதே. அது 120 வோல்ட், நமக்கு 240. வட்டின் நடு ஓட்டையும் வேறு: அமெரிக்க 10 அங்குலத்துக்கு 15.88 மில்லி, இங்கே கிடைப்பவை 25.4 அல்லது 30. வட்டு வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படி. ஓட்டை பெரிதாக இருந்தால் குறைப்பு வளையம் போட்டுப் பயன்படுத்தலாம், ஆனால் வளையம் தளர்ந்தால் வட்டு ஆடும்.

லேசர் கோடு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நிழல் விளக்கு பிடிக்கும். வட்டின் நிழலே பலகையில் விழும், வெட்டின் இரண்டு ஓரமும் தெரியும், வட்டு மாற்றினாலும் தப்பாது. லேசர் தட்டுப்பட்டால் நகர்ந்துவிடும்.

8 டிசம்பர்

ரம்பம் வாங்கிவிட்டதாகத் தம்பி படம் போட்டிருக்கிறார். 10 அங்குலம், ஸ்லைடிங் இல்லை. சரி. இன்றைக்கு ஒன்றும் வெட்டாதே, இன்று முழுக்கச் சோதனைதான். முதலில் பிளக்கைக் கழற்று.

ஃபென்ஸ் நேராக இருக்கிறதா என்று பார். இடது பாதி, வலது பாதி என்று இரண்டு துண்டாகத் தெரியும். நேரான இரும்பு அடிக்கோலை இரண்டுக்கும் சேர்த்து நிறுத்தி, பின்னாலிருந்து விளக்கு அடி. நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ ஓரத்தில் தெரிந்தாலோ அந்த ஃபென்ஸ் வளைந்திருக்கிறது. பெட்டியில் ஏற்றி இறக்கும்போது விழுந்த ரம்பங்களில் இது நடக்கும். புதுசு என்றால் திருப்பிக் கொடு, சரிசெய்ய முயலாதே.

அடுத்தது, வட்டுக்கும் ஃபென்ஸுக்கும் 90. மூலைமட்டத்தின் ஒரு கையை ஃபென்ஸில், மறு கையை வட்டில் வை. வட்டை முழுசாக இறக்கிப் பூட்டிவிட்டு வை. வெளிச்சம் தெரிந்தால், ஃபென்ஸ் திருகுகளைத் தளர்த்தியோ, கோண எண்கள் உள்ள தட்டைத் தளர்த்தியோ சேர்க்கலாம். எது என்று ரம்பத்துக்கு ரம்பம் மாறும், கையேட்டில் இருக்கும்.

மூலைமட்டம் ஒரு ஆரம்பம்தான், வெட்டிப் பார்ப்பதுதான் சாட்சி. 140 மில்லி அகலமுள்ள, இரு விளிம்பும் இணையான எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு எடு. ரம்பத்தை 0வில், அதாவது நேர்வெட்டில், வைத்து நடுவில் வெட்டு. வலது துண்டை மட்டும் மேல்பக்கம் கீழாக, முன்விளிம்பு பின்னாகப் புரட்டு. இரண்டையும் ஃபென்ஸில் சேர்த்து முனையோடு முனை முட்டவிடு. சரியான வெட்டு என்றால் கோடு மூடிவிடும். தப்பு இருந்தால் இரண்டு மடங்காக விரிந்து காட்டும். ஒரு மில்லி இடுக்கு தெரிந்தால் உண்மைத் தப்பு அரை மில்லி, கோணத்தில் 0.2 டிகிரி. இடுக்கு மறையும்வரை திருப்பு, வெட்டு, புரட்டு. நான் மூன்று நான்கு முறை வெட்டுவேன், கூச்சப்படாதே.

தலையின் சாய்வையும் மேசைக்கும் வட்டுக்கும் இடையே மூலைமட்டம் நிறுத்திப் பார்த்துக்கொள்.

9 டிசம்பர்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மூலைமட்டத்தை வட்டின் தட்டில் வை, பல்லில் படக்கூடாது. கார்பைட் பல் தட்டைவிட இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். பல்லில் பட்டால் மட்டம் பொய் சொல்லும். அதே தப்பைச் செய்து ஒரு மதியம் முழுவதும் ரம்பத்தைத் திருகிக்கொண்டிருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

11 டிசம்பர்

4ஆம் தேதிக் கணக்கை மறுபடி யோசித்தேன், ஒரு நிபந்தனை சொல்லாமல் விட்டிருக்கிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள்.

சட்டத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை இடது 45, மறு முனை வலது 45. முகப்பில் வேலைப்பாடு இருப்பதால் துண்டைப் புரட்டி வெட்ட முடியாது, ரம்பத்தைத்தான் இரண்டு பக்கமும் திருப்ப வேண்டும். 0 தவறி 0.2வில் நிற்கிறது என்றால் ஒரு பக்கம் 45.2 ஆகும், மறு பக்கம் 44.8 ஆகும். மூலையில் ஒரு இடது முனையும் ஒரு வலது முனையும்தான் சேர்கின்றன. கூட்டினால் 90. இடுக்கு வராது! ஆனால் ஒரு வெட்டின் முகம் மற்றதைவிட 0.35 மில்லி நீளமாக இருக்கும். முகப்பு வேலைப்பாட்டின் கோடுகள் மூலையில் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். இடுக்கு இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும் மூலைகள் இவைதாம்.

நான் சொன்ன 1.6 டிகிரி எப்போது வரும்? இடது, வலது இரண்டும் 45.2 ஆக இருந்தால் மட்டும். அதற்கு முக்கியமான காரணம் வளைந்த ஃபென்ஸ். இடது முனையை வெட்டும்போது துண்டு வலது பாதியில் சாய்கிறது, வலது முனைக்கு இடது பாதியில். இரண்டு பாதியும் ஒரே அளவு பின்னால் மடங்கியிருந்தால் தப்பும் ஒரே பக்கம் சேரும். புரட்டிப் பார்க்கும் சோதனை 0வை மட்டும் சொல்லும், இதைச் சொல்லாது. அதனால் இன்னொரு சோதனை வேண்டும்: இடது 45இல் ஒரு துண்டு, வலது 45இல் ஒரு துண்டு வெட்டி, சேர்த்து, உள்மூலையில் மூலைமட்டம் வைத்துப் பார். இரண்டு சோதனையும் தேறினால்தான் ரம்பம் தயார்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய பழைய ரம்பம் அப்படித்தான் மடங்கியிருந்தது. 0 சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறும், சட்டம் செய்தால் நாலாவது மூலை திறந்துகொள்ளும். எட்டு மாதம் சுவரைக் குறை சொன்னேன்.

15 டிசம்பர்

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன். ஸ்கர்ட்டிங்குக்கு மூலை 90 இல்லை, 92 வருகிறது, என்ன செய்வது என்று தம்பி கேட்கிறார். பாதியாக்கு. 46இல் வைத்து இரண்டையும் வெட்டு.

18 டிசம்பர்

15ஆம் தேதி நான் எழுதியது தவறு. அதைப் பார்த்து யாரும் வெட்ட வேண்டாம். கிள்ளானில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா எடுத்துக்காட்டினார், அவருக்கு நன்றி.

92இன் பாதி 46தான். ஆனால் அந்த 46 பலகையின் விளிம்பிலிருந்து அளக்கிற கோணம். ரம்பத்தில் உள்ள எண் நேர்வெட்டிலிருந்து எண்ணுகிறது. நேர்வெட்டு அதற்கு 0. ஆக 90இலிருந்து 46ஐக் கழிக்க வேண்டும்: 44. வேறு மாதிரி சொன்னால், 180இலிருந்து மூலைக் கோணத்தைக் கழித்துப் பாதியாக்கு. 92 என்றால் 44, 88 என்றால் 46. மூலை சரியாக 90 என்றால் இரண்டு கணக்கும் 45 என்றே வரும், அதனால்தான் இந்தத் தவறு ஒளிந்துகொள்கிறது.

எனக்கு ஏன் தப்பியது என்று யோசித்தேன். மாமாவிடம் தொழில் கற்றபோது எண்ணே கிடையாது. கோணத்தைப் பிடித்துக் காட்டும் சாய்மட்டத்தை மூலையில் வைத்துப் பிடித்து, பலகையின் விளிம்பிலிருந்து அந்தக் கோணத்தைப் பாதியாக வரைந்து அறுப்போம். விளிம்பிலிருந்து அளக்கும் பழக்கம் கையில் இருக்கிறது. எந்திரத்தில் இன்றும் எண் பார்க்காமல் மூலைக்கு ஏற்ப வெட்டிப் பார்த்தே சேர்க்கிறேன். எண்ணாகச் சொல்லச் சொன்னபோது பழைய விளிம்புக் கணக்கு வாயில் வந்துவிட்டது.

தவறு எவ்வளவு பெரிது என்றும் சொல்லிவிடுகிறேன். 15 மில்லி தடிமன் ஸ்கர்ட்டிங், 92 டிகிரி உள்மூலை. எதுவும் செய்யாமல் 45இல் வெட்டினால் முன்பக்கம் முக்கால் மில்லி திறக்கும். என் பேச்சைக் கேட்டு 46இல் வெட்டினால் ஒன்றரை மில்லி திறக்கும். சரிசெய்யப் போய் இடுக்கை இரண்டு மடங்காக்கும் வழி அது. தம்பி இரண்டு துண்டு வீணாக்கிவிட்டார். அதற்கு மரம் என் கணக்கில், சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

மூலையை எப்படி அளப்பது? டிஜிட்டல் கோணமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தரையில் ஒரு சுவரை ஒட்டி 60 சென்டி, மற்றதை ஒட்டி 80 சென்டி குறித்துக் குறுக்கே அள. 100 வந்தால் 90 டிகிரி. கூடினால் விரிந்த மூலை, குறைந்தால் ஒடுங்கிய மூலை. சுவரின் அடியில் பூச்சு பிதுங்கியிருக்கும், அதைச் சுரண்டிவிட்டு அள.

22 டிசம்பர்

உள்மூலைக்குக் கோணமே பார்க்காத வழி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இத்தனை நாள் கோணம் பேசியிருக்கிறேன்.

2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்குப் பழைய கடைவீடுகளில் வேலை நிறைய வந்தது. செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமான சுவர்கள். ஒரு மூலை கூட 90 இல்லை. கீழே 91, இரண்டு அடி மேலே 93 என்று அதே மூலை மாறும். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மாடி வீட்டில் ஸ்கர்ட்டிங் போட்டபோது ரம்பத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் மாமா பார்க்க வந்தார். அவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுவர்கிட்ட ஏண்டா சண்டை போடுற" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து கோப்பிங் ரம்பத்தை எடுத்தார். வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டம், அதில் நூல் போல் மெல்லிய பட்டை.

முதல் துண்டை நேராக வெட்டிச் சுவரில் முட்டவிடு, அதற்குக் கோணம் கிடையாது. இரண்டாவது துண்டின் முனையை மைட்டர் ரம்பத்தில் 45இல் வெட்டு. வெட்டிய இடத்தில் முகப்பின் வடிவம் ஒரு விளிம்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் கறுப்பாக்கி, கோப்பிங் ரம்பத்தை உட்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து அதன் வழியே அறு. பின்னால் மரம் குறைய வேண்டும், முன்னால் அந்தக் கோடு மட்டும் நிற்க வேண்டும். இப்போது இரண்டாவது துண்டு முதல் துண்டின் முகத்தைச் சட்டை போட்ட மாதிரி கவ்விக்கொள்ளும். மூலை 88 ஆனாலும் 93 ஆனாலும் முன்பக்கம் மூடியே இருக்கும். ஒட்டவில்லை என்றால் அரத்தால் இரண்டு தேய்ப்பு, அவ்வளவுதான்.

வெளிமூலைக்கு இது உதவாது. அங்கே இரண்டு முனையையும் சாய்வாக வெட்டிச் சேர்க்கும் மைட்டர்தான், கோணம் அளந்துதான் ஆகவேண்டும்.

மாமா தொழில் பார்த்தது மரப் பெட்டியும் முதுகுப்பட்டை வைத்த வாளும் (கைரம்பம்) கொண்டு. மூன்று பலகையை யூ வடிவில் அடித்து, அதில் 45க்கும் 90க்கும் பிளவு அறுத்து வைத்திருப்பார். பிளவு தேய்ந்தால் புதுப் பெட்டி. கோணம் ஒரு மயிரிழை மாற வேண்டுமானால் பெட்டியின் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே பஸ் டிக்கெட்டைச் செருகுவார். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன், டிக்கெட்டுக்குப் பதிலாகப் பெயர் அட்டை. 0.3 மில்லி அட்டையை வெட்டிலிருந்து 100 மில்லி தள்ளி ஃபென்ஸில் செருகினால் 0.17 டிகிரி. ரம்பத்தின் கோணத் தட்டைத் தொடவே வேண்டாம்.

2 ஜனவரி 2025

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர்: வாங்கி வைத்திருப்பது மரம் இல்லை, பி.எஸ் மோல்டிங், அந்த எடையே இல்லாத நுரைப் பிளாஸ்டிக். ரம்பத்தில் வெட்டினால் ஓரம் உருகிப் பிசிறு பிடிக்கிறது என்கிறார்.

மெதுவாக இறக்குகிறீர்கள். மரத்துக்கு மெதுவாக இறக்குவது நல்லது, பிளாஸ்டிக்கில் பல் உரசிக்கொண்டே நின்றால் சூடேறி உருகும். நிற்காமல் ஒரே இறக்கில் வெட்டுங்கள், வட்டில் ஒட்டியிருப்பதை அடிக்கடி துடையுங்கள்.

இதை எழுதும்போது எனக்கே இன்னொன்று தோன்றுகிறது. வீடு முழுக்க பி.எஸ் என்றால் மைட்டர் ரம்பம் வாங்கவே வேண்டாம். மாமாவினது போல ஒரு பெட்டியும் நுண்பல் வாளும் போதும், வெட்டும் சுத்தமாக வரும், பக்கத்து வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருப்பார்கள். பிளாஸ்டிக் பெட்டி சீக்கிரம் தேயும், மரத்தில் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். கைவாள்கள் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அவ்வப்போது கண்ணில் படும். பல் நேராக இருக்கிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளே தம்பியிடம் என்ன பொருள் என்று கேட்டிருக்க வேண்டும். நல்லவேளை, அவருடையது சட்டத்துக்கு எம்.டி.எஃப், ஸ்கர்ட்டிங்குக்கு நியாத்தோ மரம்.

14 ஜனவரி

பொங்கல் வாழ்த்துகள். இன்று வேலை இல்லை, ஒரே ஒரு குறிப்பு.

மரத்தை வாங்கிய அன்றே வெட்டி அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் 80 சதவீதம் என்றால் மரம் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரம் பிடித்து நிற்கும். ஏர்கோன் ஓடும் அறையில் அது 10 வரை இறங்கலாம். இறங்கும்போது மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் வெட்டிய 45, 45ஆக நிற்காது, மூலையின் உள்பக்கம் திறந்துகொள்ளும். ஈரம் ஏறினால் வெளிமுனை திறக்கும். கதவு நிலைச் சட்டத்தில் இடுக்கு உள்பக்கம் இருந்தால் மரம் காய்ந்திருக்கிறது, ரம்பத்தின் மேல் பழி போடாதீர்கள். ஒரு வாரம் அந்த அறையிலேயே, ஏர்கோன் வழக்கம்போல ஓட, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள்.

எம்.டி.எஃப் இந்த விஷயத்தில் சாது. தண்ணீர் மட்டும் படக்கூடாது.

19 ஜனவரி

எத்தனை பல் வட்டு என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ரம்பத்தோடு வரும் வட்டு பெரும்பாலும் 40 பல்லுக்குள் இருக்கும், சட்டத்துக்கு அது பிசிறு பிடிக்கும். 10 அங்குலத்தில் 80 பல் போடுங்கள், 60க்குக் கீழே போகாதீர்கள். பல்லின் சாய்வு கோணம் எவ்வளவு என்று வட்டிலேயே எழுதியிருக்கும். மைட்டர் ரம்பத்துக்கு -5க்கும் +5க்கும் இடையில் இருக்கட்டும். அதிகச் சாய்வுள்ள வட்டு மரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறும், சின்னத் துண்டுகளில் அது ஆபத்து. என் ரம்பத்தின் விலையில் பாதிக்கு வட்டு வாங்கினேன், இன்றுவரை வருந்தவில்லை. மெர்சாவா மாதிரி மணல்சத்துள்ள மரம் வெட்டினால் எந்த வட்டும் சீக்கிரம் மழுங்கும், அதற்குத் தனியாகப் பழைய வட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டுக்குக் கீழே மேசையில் அகலமான பிளவு இருக்கும். அதன் மேல் 6 மில்லி எம்.டி.எஃப் ஒட்டி, ஃபென்ஸிலும் ஒரு பலகை திருகி, ஒரு முறை வெட்டி இறக்குங்கள். பிளவு வட்டின் அகலத்துக்கே இருக்கும், அடியில் பிசிறு பிடிக்காது, எங்கே வெட்டுவிழும் என்பதும் தெரியும்.

ஒரு சட்டத்தின் எதிர்ப்பக்கத் துண்டுகள் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். நாடாவால் அளந்து வெட்டாதீர்கள். ஃபென்ஸில் ஒரு கட்டையைத் தடையாகத் திருகி, அதில் முட்டவிட்டு வெட்டுங்கள். தடைக்கட்டையின் கீழ்மூலையைச் சீவிவிடுங்கள், தூள் அங்கே ஒதுங்கட்டும். இல்லாவிட்டால் இருபதாவது துண்டு அரை மில்லி குறைந்திருக்கும்.

எட்டடித் துண்டின் வெளிமுனை தொங்கினால் வெட்டும் முனை மேசையிலிருந்து எழும்பும். இரண்டு பக்கமும் மேசை உயரத்துக்குத் தாங்கி வையுங்கள்.

20 ஜனவரி

நேற்று தூளைப் பற்றி எழுதாதது மனதில் உறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. எம்.டி.எஃப் தூளில் ஃபார்மால்டிஹைடு பசையும் இருக்கிறது, தூள் மாவு போல நுண்ணியது. துணி முகமூடி போதாது, என்95 போடுங்கள். ரம்பத்தின் பின்னால் தொங்கும் துணிப்பை பாதியைக்கூடப் பிடிப்பதில்லை, வாக்குவம் மாட்டுங்கள். என் மாமா 40 வருடம் ஒன்றும் கட்டாமல் வேலை செய்தார். கடைசிக் காலத்தில் அவர் இருமியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

கையை வட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். வெட்டியதும் விசையை விட்டுவிட்டு, வட்டு நின்ற பிறகு தூக்குங்கள். சுழலும்போதே தூக்கினால் சின்னத் துண்டு தெறிக்கும், வெட்டிய முகமும் கெடும்.

13 பிப்ரவரி

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்விட்டு வந்து இரண்டு நாள் எழுதவில்லை. தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார். பத்துச் சட்டம், 40 மூலை. பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 37 மூலை மூடியிருக்கிறது. மூன்றில் மயிரிழை, அதுவும் ஒரே சட்டத்தில். வெட்டும்போது தூள் ஃபென்ஸில் ஒட்டியிருந்திருக்கும், வேறு காரணம் தெரியவில்லை. புட்டி போட்டுக்கொள் தம்பி, அதற்குத்தான் அது இருக்கிறது.

ஸ்கர்ட்டிங் உள்மூலை நான்கையும் கோப்பிங் ரம்பத்தால் சேர்த்திருக்கிறார். என் மருமகனுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன், அவனும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறான், இன்னும் கோப்பிங் பழகவில்லை.

2 மார்ச்

ஈப்போவிலிருந்து ஒரு கேள்வி: ரம்பத்தில் 31.6 என்று ஒரு குழியில் வந்து நிற்கிறதே, அது எதற்கு?

கூரைக்கும் சுவருக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் மரக் கார்னிஸுக்கு. அமெரிக்காவில் அது அதிகம், சுவரோடு 38 டிகிரி சாய்வில் நிற்கும் வகை. அதைப் படுக்க வைத்து வெட்ட மேசையை 31.6க்குத் திருப்பி, தலையை 33.9க்குச் சாய்க்க வேண்டும். 45 டிகிரி சாய்வில் நிற்கும் வகைக்கு 35.3, 30. எல்லாம் மூலை சரியாக 90 என்றால்தான். இங்கே கார்னிஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதைக் கைவாளால் அறுத்துப் பவுடர் குழைத்து ஒட்டிவிடுகிறார்கள். என் 22 வருடத்தில் அந்தக் குழியை இரண்டு வீட்டுக்குத்தான் பயன்படுத்தினேன்.

9 மார்ச்

ரம்பத்தை வேனில் ஏற்றி இறக்கினால் சோதனை மறுபடி செய்ய வேண்டுமா என்று தம்பி கேட்கிறார். அப்பாவின் வீட்டில் சாமி அறைக் கதவு நிலைக்கு ஓரச் சட்டம் போடப் போகிறாராம், ஆயர் ஈத்தாமில்.

செய்ய வேண்டும். போன வாரம் பூலாவ் தீக்குஸில் ஒரு வீட்டில் இறக்கி வைத்துப் புரட்டிப் பார்த்தேன், முந்தின நாள் மூடியிருந்த கோடு அரை மில்லி திறந்திருந்தது. ஐந்து நிமிட வேலை. மேசை நிற்கும் தரை மட்டமில்லாமல் நாலு காலில் ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் வெட்டும்போது ரம்பம் ஆடும், காலுக்கு அட்டை கொடு.

நிலையின் மேல்மூலை இரண்டும் 90 இருக்காது, பழைய வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் கோணமானியோடு வருகிறேன். நீ நியாத்தோவை நாளைக்கே அந்த அறையில் கொண்டுபோய் அடுக்கிவிடு.